செல்களின் சொந்தக்காரி: கேமரன் மலையில் மூன்று நாட்கள்

கோமதியை நேரில் பார்ப்பதற்கு இரண்டு வருடம் முன்பே அவளுடைய செல்களை எனக்குத் தெரியும். மதுரையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், உடம்புச் சூட்டில் வைத்த பெட்டிக்குள், தட்டையான பிளாஸ்டிக் கிண்ணங்களில் அவை வளர்ந்தன. முன்கைத் தோலில் கடுகளவு எடுத்து, வாங்க வேண்டிய அனுமதிகளையெல்லாம் வாங்கி, கோலாலம்பூரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கிண்ணத்தின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும். மற்றவர்களுடைய செல்கள் கிண்ணத்தை நிரப்பிய பிறகும் இவை பாதியில் நிற்கும். என் மாணவிகள் அவற்றுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் சொல்வதுண்டு: ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் அதன் டிஎன்ஏ எப்படிப் படியெடுக்கத் தொடங்குகிறது என்று பார்க்கிறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நூல். அதை ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை எடுத்துக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் ஆகும். அதனால் பல்லாயிரம் இடங்களில் தொடங்குகிறார்கள். 'தொடங்குகிறார்கள்' என்று ஆட்களைப் போலச் சொல்வது எங்கள் வட்டாரப் பழக்கம். முதலில் ஆறு புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டம் வந்து நூலின் மேல் உட்காரும். அது வேறு இரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நூலைச் சுற்றி ஒரு சோடி வளையங்களை மாட்டும். வளையங்கள் உடனே வேலை செய்யாது. காத்திருக்கும். நேரம் வந்ததும் விழித்துக்கொண்டு, நூலின் இரண்டு இழைகளையும் பிரித்து, ஒன்று இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமுமாக ஓடும். எனக்குப் பிடித்தது அந்தக் காத்திருப்பு. அதிலேயே பாதி வாழ்க்கை போய்விட்டது.

அந்த ஆறு புரதங்களில் ஒன்று இந்தச் செல்களில் சரியில்லை. இல்லாமல் போகவில்லை, மந்தமாக இருக்கிறது. மாட்டுகிற வளையங்கள் குறைவு, தொடங்கும் இடங்கள் குறைவு. ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரிவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். உலகத்தில் மிகச் சிலருக்கே இப்படி இருக்கிறது. ஆள் குட்டையாக இருப்பார்கள், காது சிறுத்திருக்கும், முட்டிச்சில்லு இருக்காது. புத்திக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

இதையெல்லாம் தாளில் படித்திருந்தேன். ஆளைப் பார்த்ததில்லை.

கோலாலம்பூரில் ஒரு பயிற்சி வகுப்பு எடுக்கப் போயிருந்தபோது, கோமதியின் டாக்டரான ஷரிஃபா சாப்பாட்டு மேசையில் என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "அந்த எண்ணுக்குரியவள் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். என் செல்லை வைத்திருப்பவர் தமிழ் பேசுவாராமே, அவரை அனுப்புங்கள் என்று. அவளுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். அம்மாதான் தமிழில் கேட்க வேண்டுமாம். கல்யாணமும் பேசியிருக்கிறார்கள். தாய்மாமன் மகன்."

தாய்மாமன் மகன் என்றதும் நான் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன். ஷரிஃபா தலையசைத்தாள். அன்று மாலை முழுவதும், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தினாள். கிளம்பும்போது எச்சில் சேகரிக்கும் சிறு குழாய் ஒன்றைப் பையில் வைத்தாள். "அவன் கேட்டால் மட்டும். நீயாக நீட்டாதே."

முதல் நாள் மலை ஏறுவதிலேயே கழிந்தது. பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. பேருந்தில் எனக்குப் பின்னால் இருந்த இரண்டு மலாய்ப் பெண்கள் ஸ்ட்ராபெரியைப் பற்றி வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: "'போன தடவை வாங்கினது புளிப்பு, இந்தத் தடவையும் புளிக்கும்'கிறாங்க. 'அப்புறம் ஏன் வாங்கறே'ன்னு அந்தம்மா கேக்குது. 'மலைக்கு வந்துட்டு வாங்காம போறதா'ங்குது இந்தம்மா." நீலகிரிக்குப் போய் யூக்கலிப்டஸ் தைலம் வாங்கி வந்து அலமாரியில் காயவைக்கும் எங்கள் வீட்டாரை நினைத்துக்கொண்டேன்.

பிரிஞ்சாங் ஊருக்கு முன்னால் வண்டி நின்றது. சிறிது தூரம் நகர்ந்து மறுபடி நின்றது. பிறகு நிற்பதே வேலையாகிவிட்டது. இறங்கி நடந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். சன்னல் வழியே பார்த்தால் குன்னூர் மாதிரித் தேயிலையாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். சரிவெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள்தான். உள்ளே காய்கறியும் பூவும். தேயிலை அதற்கும் மேலே, மூடுபனிக்குப் பக்கத்தில், சீப்பால் வாரியது போலக் கிடந்தது. குன்னூரில் தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். இங்கே நிழல் மரமே கண்ணில் படவில்லை. சூரியனைப் பற்றி இந்த மலைக்குக் கவலை இல்லை போலிருக்கிறது.

இரவுச் சந்தை கூடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. சோறு, கீரை, மீன் கறி. மீன் கறியில் எலுமிச்சைப் புல் வாசம் வந்தது; குறையாகத் தோன்றவில்லை. கல்லாவில் இருந்த பெண்மணி என் பையில் தொங்கிய வகுப்பு அட்டையில் டாக்டர் என்ற சொல்லைப் படித்துவிட்டார். சாப்பிட்டு முடிப்பதற்குள் சமையல்காரரின் சர்க்கரை அளவு, கல்லாக்காரப் பெண்மணியின் இடுப்பு, அவர் தங்கையின் கண் எல்லாம் என் முன்னால் வந்துவிட்டன. நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை என்று சொன்னேன். "பரவால்ல லா, சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்றார் அவர். பேச்சின் முடிவில் ஒரு 'லா' சேர்ப்பது இந்த ஊர் வழக்கம்.

மறுநாள் காலை பக்கத்து ஊரான திரிங்காப்புக்குப் போனேன். கோமதி வேலை செய்யும் பூக்கொட்டகை சாலையை ஒட்டியே இருந்தது. நீண்ட மேசைகளில் செவ்வந்திக் கட்டுகள். எட்டுப் பத்துப் பெண்கள் தாளில் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நடு மேசையில், கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடையின் மேல் நின்று ஒருத்தி எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். பத்து வயதுப் பிள்ளையின் உயரம். முகம் இருபது வயதைத் தாண்டிய பெண்ணின் முகம். தலைமுடியைக் காதை மறைத்து வாரியிருந்தாள். நான் யாரென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"மதுரை டாக்டரா? பசியாறிட்டீங்களா?"

காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுவது என்கிறார்கள். நல்ல சொல். நம்மிடம் இருந்த சொல்தான். நாம் டிபனுக்கு மாறிவிட்டோம்.

கூடையிலிருந்து பக்கவாட்டில், மேசையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முழங்காலை மடக்கவே இல்லை. தாளில் படித்த ஒரு வரி நடந்து வந்தது போல இருந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. வெட்கமாக இருந்தது. இவள் முழங்காலைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பின்பக்கம் மரப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து தே ஓ குடித்தோம். பாலில்லாத தேநீர். அவள் முதலில் கேட்டது இதுதான்:

"என்னோட செல்லு இன்னும் உயிரோட இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம் உறைய வெச்சிருக்கோம். கொஞ்சம் வளருது."

"பெருகுதா?"

"பெருகுது. மெதுவா."

"அது போதும் லா. நானும் அப்படித்தான்." சிரித்தாள். "அத வெச்சி எனக்கு ஏதாச்சும் மருந்து கண்டுபிடிப்பீங்களா?"

"இல்ல. உங்களுக்கு ஆகாது. வளர்ற வயசு முடிஞ்சிடுச்சி. அது எப்படி ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சிக்கத்தான்."

அவள் தே ஓவைக் கீழே வைத்தாள். "பொய் சொல்லல. நல்லது. இப்ப கேளுங்க. வீட்டுல ரெண்டு விசயம் இருக்கு. ஒன்னு எங்கம்மா. நான் இப்படிப் பொறந்தது அவங்களாலன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க. இன்னொன்னு சரவணன், நான் கட்டிக்கப் போற ஆளு. டெஸ்ட் எடுக்க மாட்டேங்கிறான். அம்மாவ நீங்க பாருங்க. சரவணன நான் பாத்துக்கிறேன்."

வெளியே பூக்கொட்டகையின் சீன முதலாளி தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். "அவரு சொல்றாரு, சிங்கப்பூருக்கு மஞ்சப் பூ கேட்டானாம், இங்க வெள்ளைதான் பூத்திருக்காம். பூவுகிட்ட போயா சத்தம் போட முடியும்? அதான் போன்ல போடுறாரு" என்றாள்.

அவள் வீடு இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பழைய லேண்ட்ரோவரில் போனோம். வழியில் அவள் கேட்க, வளையங்கள் மாட்டிக்கொண்டு காத்திருப்பதைப் பற்றிச் சொன்னேன். கதவு ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பாதி வழியில் கயிறு அவிழ்ந்து, கதவு தேயிலைச் செடியில் உரசிக்கொண்டே வந்தது. ஓட்டியவர் நிறுத்தவில்லை. "வீட்டுக்குப் போயி கட்டிக்கலாம்" என்றார். சரிவில் இருவர் இருவராக ஆட்கள் ஓர் இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செடியின் மேல் ஓட்டினார்கள். பின்னால் கட்டிய பை கொழுந்தால் ஊதியது. ஆட்கள் வங்காளதேசத்துக்காரர்கள், நேப்பாளத்துக்காரர்கள். தமிழ்க் குடும்பத்தினர் தொழிற்சாலையிலும் ஆபீசிலும் இருக்கிறார்கள்; மற்றவர்கள் காய்கறிக்கும் பூவுக்கும் போய்விட்டார்கள்.

கோமதியின் வீடு, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி. அம்மா சரோஜா ஒடிசலான பெண்மணி, நின்றுகொண்டேதான் பேசினார். அப்பா பெருமாள், தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவர். டிவியின் சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை. கப்பியும் சுண்டலும் கொடுத்தார்கள். கப்பி என்றால் காப்பி என்று குடித்த பிறகுதான் தெரிந்தது.

நான் தேயிலையில் ஆரம்பித்தேன்.

"அம்மா, ஒரு மலை முழுக்கக் கொழுந்து. ஒரே ஆளு கீழ் மூலையில ஆரம்பிச்சா எப்ப முடியும்?"

"ஒரே ஆளா? மாசமானாலும் முடியாது."

"அப்ப என்ன செய்வாங்க?"

"மண்டோர் வந்து ஆளுங்கள எடம் எடமா நிறுத்தி வெப்பாரு. எல்லாம் நின்ன பிறகுதான் கை வெக்கிறது."

"உடம்புக்குள்ளயும் அப்படித்தான். பிள்ளை வளரணும்னா உடம்புல இருக்கிற ஒவ்வொண்ணும் தன்னைப் போல இன்னொண்ணு ஆகணும். அதுக்கு உள்ள ஒரு வேலை, பல எடத்துல ஒரே சமயத்துல ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கிற எடத்துல ஆள நிறுத்தி வெக்கிற சாமான் ஒண்ணு இருக்கு. கோமதிக்கு அது கொஞ்சம் பழுது. வேலை நடக்குது. ஆனா கொஞ்ச எடத்துலதான் ஆரம்பிக்குது. முடிய நேரமாகுது. வளர்ற வயசு அதுக்காக நிக்காது."

சரோஜா புரிந்தது போலத் தலையாட்டினார். பிறகு, இத்தனை காலம் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அந்தப் பழுது மருந்துல வந்ததுங்களா?"

"எந்த மருந்து?"

"புல்லு மருந்து. முதுகுல டேங்க மாட்டிக்கிட்டு அடிப்போம். இவ வயித்துல இருக்கும்போது அஞ்சு மாசம் வரைக்கும் அடிச்சேன். அடிக்காம இருந்தா வேலை இல்ல."

முதல் சொல் 'இல்லை' என்றுதான் இருக்க வேண்டும், விளக்கம் பிறகு என்று ஷரிஃபா சொல்லியிருந்தாள்.

"இல்ல. மருந்துல வரல. அந்த மருந்து வேற கெடுதல் செய்யலாம். இது அதனால வந்தது இல்ல."

அவர் நம்பவில்லை. அதனால் மெதுவாகச் சொன்னேன். அந்தச் சாமானைச் செய்யும் குறிப்பு எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. ஒன்று நன்றாக இருந்தால் போதும், உடம்புக்கு ஒரு குறையும் தெரியாது. சரோஜாவிடம் ஒன்று பழுது, பெருமாளிடம் ஒன்று பழுது. இரண்டு பழுதும் கோமதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"அத்தை மகன்."

"அப்ப ரெண்டும் ஒரே எடத்துல இருந்து வந்திருக்கும். உங்கப்பா வழியா உங்களுக்கு. அவங்கம்மா வழியா அவருக்கு."

பெருமாள் எழுந்து டிவியை அணைத்தார்.

"அத்தைகிட்டயும் இருந்திச்சா?" என்று சரோஜா கேட்டார்.

"பெரும்பாலும் இருந்திருக்கும். அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அது அவங்க குத்தமும் இல்ல."

"குத்தம் சொல்லல." சேலை முந்தானையை ஒருமுறை சரி செய்தார். "சாகுற வரைக்கும் என்னை மருந்துக்காரின்னுதான் கூப்பிட்டாங்க. மருந்துக்காரி தண்ணி கொண்டா, மருந்துக்காரி வெளக்க ஏத்து. லயத்துல எல்லாருக்கும் அந்தப் பேருதான் வந்திச்சி. அவங்க இருக்கும்போது யாராச்சும் வந்து சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்."

பிறகு கணவரைப் பார்த்தார். "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னொருக்கா சொல்லச் சொல்லட்டுமா?"

"வேணாம் சரோஜா. கேட்டேன்."

சரோஜா என்ற பெயரை அந்த வீட்டில் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். சரோஜா உள்ளே போனார். அரிசி களையும் சத்தம் நெடுநேரம் கேட்டது. தேவையானதைவிட நிறைய முறை களைந்தார் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் சரவணன் வந்தான். திரிங்காப்பிலிருந்து கீழே காய்கறி ஏற்றிப் போகும் லோரி ஓட்டுபவன். நல்ல உயரம், வாசலில் குனிந்து நுழைந்தான். சிறு முக்காலியில் இருந்த கோமதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததும் இருவர் தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தன. வேண்டுமென்றே தரையில் உட்காருகிறான் என்று தோன்றியது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

கேட்காமல் நீட்டக் கூடாது என்பதால் நான் குழாயைப் பற்றிப் பேசவில்லை. கோமதியே எடுத்தாள்.

"டாக்டர், இவன்கிட்ட அந்தப் பழுது இருந்தா பிள்ளைக்கு என்னா ஆகும்?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. அவர்கிட்ட இல்லன்னா எந்தப் பிள்ளைக்கும் வராது. சொந்தக் கணக்குப்படி பாத்தா அவர்கிட்ட இருக்கிறதுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. சோதிச்சாதான் தெரியும்."

"எதுக்கு லா?" என்றான் சரவணன். "பிள்ளை குட்டையாப் பொறந்தா என்னா? இவள மாதிரி இருக்கும். பரவால்ல."

"முட்டி நழுவறப்ப உனக்கா வலிக்குது? பள்ளிக்கூடத்துல எல்லாரும் தூக்கித் தூக்கிப் பாத்தாங்களே, உன்னையா தூக்கினாங்க?"

"நான்தான் அடிச்சேன் அவனுங்கள."

"நீ அடிச்ச. தூக்கினது என்னை." அவள் குரல் உயரவில்லை. "டெஸ்ட் எடு. இருந்தா கல்யாணம் வேணாம். சொல்லிட்டேன்."

அவன் சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவினான். அவன் போன பிறகு கோமதி அவன் தட்டில் இருந்த பொரித்த மீனை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. மீனை முழுவதுமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே மழை. நான் போக வேண்டிய பேருந்து வரவே இல்லை. கோமதி தொலைபேசியில் சொன்னாள்: "சரவணன் லோரி மதியம் கெளம்புது. அதுல போங்க." பயண ஏற்பாடு மாதிரித்தான் சொன்னாள். அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

லோரியின் முன்னிருக்கை எங்கள் ஊர் அரசுப் பேருந்தைவிடச் சொகுசு. பின்னால் முட்டைக்கோசு, தக்காளி. வண்டி முழுக்கப் பச்சைத் தழை வாசம். இறங்கும் வழியில் ரிங்லெட் ஊருக்குச் சற்று முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. மேலே மண் சரிந்து, ஒரு பிளாஸ்டிக் கூரையோடு சாலையில் உட்கார்ந்திருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. மண் அள்ளும் இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஓட்டுநர்கள் இறங்கிப் புகைத்தார்கள். யாரும் பதறவில்லை, மழைக்காலத்தில் இதுவும் சாலையின் ஒரு பழக்கம் போலிருக்கிறது.

சரவணன் என்ஜினை அணைத்தான். ஃபிளாஸ்கில் இருந்த தே ஓவை இரண்டு பேருக்கும் ஊற்றினான். "அந்த வளையம் மாட்டிக்கிட்டு காத்துக்கிட்டு இருக்கும்னு சொன்னீங்களாமே. கோமதி சொன்னா. எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு?" என்றான்.

சொன்னேன். வேலை ஆரம்பித்த பிறகு புதிதாக வளையம் மாட்ட முடியாது. மாட்ட விட்டால், படியெடுத்த இடத்தையே இரண்டாம் முறையும் எடுத்துவிடும், செல் கெட்டுவிடும். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே மாட்டிவிட்டு, மாட்டுகிற வேலையை அடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும்.

"சாமான் ஏத்தி முடிச்சிக் கதவ சாத்தின பிறகுதான் லோரிய எடுப்போம். நடு ரோட்டுல ஏத்த மாட்டோம். அது மாதிரி."

"அது மாதிரிதான்."

"சின்னதுக்குள்ள இவ்வளவு ஒழுங்கா?" என்று வியந்தான். கண்ணாடித் துடைப்பானை ஒருமுறை ஓட விட்டான். பிறகு சாலையைப் பார்த்தபடியே பேசினான். "டாக்டர், நான் டெஸ்ட் எடுத்து, இருக்குன்னு வந்திச்சின்னா அவ போயிருவா. அவ ஒன்னு சொன்னா சொன்னதுதான். எடுக்காம இருந்தா என்னிக்காச்சும் கோவம் தீரும்னு பாக்கிறேன்."

"அவங்க கோவமா இருக்காங்கன்னா நெனக்கிறீங்க?"

"வேற என்னா? ஏன் தெரிஞ்சிக்கணும்னு நிக்கிறா? எனக்குப் புரியவே இல்ல."

எனக்கு ஒரு பதில் தோன்றியது. ஆனால் அது என்னுடைய ஊகம். ஷரிஃபாவின் பாடத்தில் ஊகத்துக்கு இடமில்லை. "அவங்ககிட்டயே கேளுங்க" என்றேன்.

அங்கே தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. அவன் இறங்கி, மழையில், வந்த வழியே மேட்டில் நடந்தான். நின்ற வண்டிகளைத் தாண்டி, வளைவில் மறைந்தான். அதற்குள் மண் அள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. அதை ஓட்டியவரிடம் ஒரு மலாய்க்காரர் ஏதோ கேட்க, அவர் சொன்ன பதிலுக்கு எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து லோரிக்காரர் எனக்குச் சொன்னார்: "எப்ப முடியும்னு கேட்டாரு. மலைகிட்ட கேளுன்னுட்டாரு."

சரவணன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டத் திரும்பி வந்தான். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"உங்க பையில குழாய் இருக்குன்னு ஷரிஃபா டாக்டர் கோமதிகிட்ட சொன்னாங்களாம். குடுங்க."

முதலில் ஷரிஃபாவிடம் பேச வேண்டும் என்றேன். மறுபடி இரண்டு பேரும் மேட்டில் ஏறினோம். அவள் அவனிடம் மலாயில் நெடுநேரம் பேசினாள். அவன் பலமுறை "பாஹாம், டாக்டர்" என்றான். புரிகிறது என்று பொருள். யாரும் வற்புறுத்தவில்லைதானே என்று கடைசியில் கேட்டிருக்கிறாள். "வற்புறுத்தினது ஒரே ஆளு, அவளத்தான் நான் கட்டிக்கப் போறேன்னு சொன்னேன்" என்று எனக்கு மொழிபெயர்த்தான்.

அதன் பிறகும் உடனே எடுக்க முடியவில்லை. இப்போதுதான் தே ஓ குடித்திருந்தான். அரை மணி நேரம் எதுவும் வாயில் போடக் கூடாது. அந்த அரை மணியில் சாலை ஒரு பக்கம் திறந்துவிட்டது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் லோரியை ஓரமாக ஒதுக்கி எல்லோரையும் போகவிட்டான். நேரமானதும் குழாயை வாயில் வைத்தால் எச்சில் வரவில்லை. "புளியம்பழத்த நெனச்சிக்குங்க" என்றேன். "டாக்டர், சிரிப்பு காட்டாதீங்க லா" என்றான். சாலைப் பணியாளர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி என்னவோ கேட்டார். சரவணன் குழாயை எடுக்காமலே பதில் சொன்னான். அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனார். "வாந்தியான்னு கேட்டாரு. இல்ல, கல்யாணம்னு சொன்னேன்."

குழாய் நிறைந்ததும் மூடியைத் திருகி என்னிடம் கொடுத்தான். என்ஜினைக் கிளப்பினான்.

குழாயைக் கோலாலம்பூரில் ஷரிஃபாவிடம் கொடுத்துவிட்டு நான் ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து, ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது கோமதி அழைத்தாள். முடிவு ஷரிஃபாவுக்குத் தெரியும், ஆனால் அவள் எனக்குச் சொல்ல மாட்டாள், சொல்லவும் கூடாது. அதனால் எனக்கு எதுவும் தெரியாது.

"இருக்கு, டாக்டர்" என்றாள்.

கையுறையைக் கழற்றினேன். அதற்குள், பூக்கொட்டகைக்கு வந்திருந்த அவள் அம்மா தொலைபேசியை வாங்கிவிட்டார். "பொறந்தா நான் வளப்பேன்னு சொல்லுங்க அவகிட்ட. இவளுக்கு உறிஞ்சத் தெரியல. பஞ்ச நனச்சி நனச்சி ஊட்டினேன். இன்னொன்னையும் ஊட்டுவேன்." கோமதி திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

"இவங்க ஒரு பக்கம். கரு உண்டாகுறப்பவே சோதிச்சிப் பாத்துக்கலாம்னு ஷரிஃபா டாக்டர் ஒரு வழி சொல்றாங்க. பிள்ளையே வேணாமான்னும் பேசிக்கிட்டிருக்கோம். ஒன்னும் முடிவாகல."

"கல்யாணம்?"

"தேதி வெச்சாச்சி."

"இருந்தா வேணாம்னு சொன்னீங்களே?"

மறுமுனையில் பூக்கொட்டகையின் இரைச்சல் கேட்டது. யாரையோ ஓரமாகப் போகச் சொன்னாள்.

"அப்ப அவன் ஒன்னும் தெரியாம பரவால்லன்னான். அது எனக்குப் பிடிக்கல. போன வாரம் ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் கேட்டான். முட்டி, இடுப்பு, பிரசவம், எல்லாம். ரெண்டு மணி நேரம் கேட்டான். மூஞ்சி செத்துப்போச்சி. வெளிய வந்து நாற்காலியில உக்காந்தான். நான் நின்னுக்கிட்டிருந்தேன். என் மூஞ்சியப் பாத்து, 'பயமா இருக்கு, ஆனா கட்டிக்கலாமா'ன்னு கேட்டான். அதுக்குத்தான் சரின்னு சொன்னேன்."